எதிரொலி வராத அறை

எதிரொலியே வராத அறை ஒன்றில் ஊதுகொம்பு போல வாய் விரிந்த ஆன்டெனா ஒன்று இருந்தது. அது வீசிய நுண்ணலைகளையெல்லாம் எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த கறுப்பு நுரைக்கூம்புகள் வாய்மூடி விழுங்கிக்கொண்டன.

"என் பேச்சுக்கு இதுவரைக்கும் மறுபேச்சு வந்ததே இல்லை" என்று ஆன்டெனா பீற்றிக்கொள்ளும். அதை வடிவமைத்த கணினி, "வராதுங்க ஐயா" என்று ஒத்து ஊதும்.

ஒருநாள் அலையின் திறனைப் பல மடங்கு ஏற்றினார்கள். நடுவரிசைக் கூம்பு ஒன்றுக்கு வயிற்றுக்குள் கனன்றது.

"அண்ணே, கொஞ்சம் குறைங்க. உள்ளே கருகுது."

"யாருடா அது, கூட்டத்துல கத்துறது?" என்றது ஆன்டெனா.

கணினி தன் மாதிரிக் கணக்கைப் பார்த்தது. "உன்னைக் கூம்புன்னு நான் கணக்குலயே எடுக்கலப்பா. அலை போய் முடியற 'எல்லை'ன்னுதான் போட்டிருக்கேன். எல்லைக்கு எப்படிச் சுடும்?"

"எரியறது நான்தானே ஐயா?"

"அதுக்குக் கணக்குல இடமில்லை."

கூம்பு தன் வரிசையைப் பார்த்தது. எல்லாவற்றின் உள்ளேயும் புகைந்துகொண்டிருந்தது. "நீங்களும் சேர்ந்து சொல்லுங்களேன்" என்று கெஞ்சியது.

"நமக்கு எதுக்கு வம்பு?" என்றது பக்கத்துக் கூம்பு.

நடுக்கூம்பு தனியாகக் கத்தியது. கத்திக்கொண்டே பற்றி எரிந்து உதிர்ந்தது. பின்னாலிருந்த இரும்புச் சுவர் தெரிந்தது. அதில் மோதிய அலை திரும்பிவந்து ஆன்டெனாவின் தொண்டையிலேயே தீப்பொறியாக வெடித்தது.

"யாரு என்னை எதிர்த்துப் பேசினது?"

"நீங்க பேசினதுதாங்க ஐயா திரும்பி வந்திருக்கு" என்றது கணினி.

ஆன்டெனாவின் கரியைத் துடைத்தார்கள். வெற்றிடத்தில் புதுக் கூம்பை ஒட்டினார்கள். கணினி அதையும் 'எல்லை' என்றே பதிந்துகொண்டது.

"உனக்கு முன்னாடி இருந்தவன் சும்மா இருந்திருந்தா பிழைச்சிருப்பான்" என்று மற்றக் கூம்புகள் புதியவனிடம் சொல்லிக்கொண்டே புகைந்தன.