அக்கறையான ஒரு கேள்வி

வேலைக்கான நேர்முகத்தில் முதலில் தகுதியைத்தான் கேட்பார்கள் என்றொரு நம்பிக்கை உலகெங்கும் பரவியிருக்கிறது. இது பாரதூரமான பிழை. உடனே திருத்தப்பட வேண்டும். கேட்பவரும் பதில் சொல்பவரும் யாழ்ப்பாணத்தாராக இருந்தால், முதல் கேள்வி “ஊரிலை எவடம்?” இரண்டாவது “ஆற்றை பிள்ளை?”, அதாவது யார் பெற்ற பிள்ளை என்பது. தகுதி மூன்றாம் இடத்துக்குப் போட்டியிடும், பெரும்பாலும் தோற்கும்.

தக்ஷாயினிக்கு இது தெரியும். முதல் இரண்டு கேள்விகளுக்கும் சிரித்தபடியே பதில் சொல்லிவிட்டாள்.

நோர்வேயில் குரோருட் என்ற இடத்தில், துப்புரவுத் தொழிலாளரின் உரிமைக்காகப் போராடும் ‘நிமிர்வு’ அமைப்பின் அலுவலகம் அது. அங்கே அமைப்பாளர் பதவி காலியாக இருந்தது. அதை நம்பி, கைநிறையச் சம்பளம் தந்த பொறியியல் வேலையை அவள் விட்டிருந்தாள். அன்றிலிருந்து அம்மா அவளோடு கதைப்பதில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் தலைவர் சிவானந்தன். மற்றவர் பூமணி, முறைப்பாடுகளை விசாரிப்பவர். அவர் பெயரைக் கேட்டாலே துப்புரவு நிறுவன முதலாளிகள் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொள்வார்கள்.

“திராமனிலை ஹோட்டல் பெம்பிளையளைச் சேர்த்து, உடுப்பு மாத்திற அறைக்குக் கதவு போட வைச்சது நீர்தானோ?” என்றார் சிவானந்தன்.

“போட வைச்சது அவை. நான் அவையை ஒண்டாச் சேர்த்தது மட்டும்தான்.”

“நல்ல பதில்.” தலைவர் கதிரையில் சாய்ந்தார். வேலை கிடைத்த மாதிரித்தான்.

அப்போது பூமணி வாஞ்சையோடு முன்னால் குனிந்தார். “கலியாணம் முடிச்சு நாலு வருசம் எண்டு சொன்னீர். ஏன் பிள்ளை, இன்னும் ஒண்டும் இல்லையோ? யோசினை ஏதும் இருக்கோ?”

தக்ஷாயினியின் சிரிப்பு நின்றது.

“இதுக்குப் பதில் சொல்லமாட்டன், அன்ரி.”

“ஏன், நான் என்ன கேட்டுப்போட்டன்?”

“நேர்முகத்திலை கேக்கக் கூடாத கேள்வி. இந்த நாட்டுச் சட்டம்.”

“அது நோர்வேக்காரருக்கு. நான் ஒரு அக்கறையிலை கேட்டனான்.”

“போன மாசம் இதே கேள்வியைக் கேட்ட முதலாளியும் அக்கறை எண்டுதான் சொன்னவர். அவரை இதே மேசையிலை வைச்சு மன்னிப்புக் கேக்க வைச்சது நீங்கள்.”

சிவானந்தன் செருமினார். “தங்கச்சி, நாங்கள் இஞ்சை ஒரு குடும்பம் மாதிரி.”

“குடும்பத்துக்கு ஏன் அண்ணை நேர்முகம்?”

“பாத்தீரே பூமணி! வேலைக்கு வர முதலே இந்த வாய்!”

“வாய்க்குத்தானே ஆள் தேடுறியள்?”

பூமணியின் முகம் கறுத்துப்போயிற்று. எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினார். அது ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

தக்ஷாயினி கோட்டை எடுத்துக்கொண்டாள். வாசலில் ஒருமுறை திரும்பினாள்.

“இண்டைக்கு நான் பதில் சொல்லி இந்த வேலையை எடுத்தால், நாளைக்கு எந்தப் பெம்பிளையைப் பாத்து ‘பதில் சொல்லாதேங்கோ’ எண்டு சொல்லுறது?”

எல்லிங்ஸ்ருட்டில் உள்ள வீடு வரை தலையை நிமிர்த்தியபடிதான் போனாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான், கதைக்காமலிருக்கும் அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்ற யோசனை வந்தது.

மறுநாள் காலை தொலைபேசி அடித்தது. பூமணி. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“பிள்ளை, உமக்கு வேலை இல்லை எண்டு தலைவர் சொல்லச் சொன்னவர்.”

“எதிர்பாத்ததுதான், அன்ரி.”

“பொறும். ஏன் இல்லை எண்டு கேளும்.”

“ஏன்?”

“அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாததுக்கு. தன்ரை வாயாலையே சொன்னவர். எங்கடை ஒஃபிசிலை வேலை செய்யிற கிறிஸ்ரியும் கேட்டுக்கொண்டு நிண்டவள். வழக்கு உறுதியா நிக்கும். உமக்கெண்டு கதைக்க ஏதாவது அமைப்பு இருக்கோ?”

“இல்லை.”

“அப்ப எங்கடையிலை சேரும்.”

தக்ஷாயினிக்கு விஷயம் பிடிபடவில்லை. “ஆருக்கு எதிரா வழக்கு?”

“எனக்கு எதிராத்தான். கேட்டது நான்தானே? முடிவெடுத்தது அவர். ரெண்டு பேரிலையும் போடும்.”

பின்னாலிருந்து சிவானந்தனின் குரல் கேட்டது. “பூமணி! ஊர் சிரிக்கப்போகுது! எங்கடை மானம் என்னாகிறது?”

“சிரிக்கட்டும் அண்ணை!” தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே பூமணி கத்தினார். “மற்றவையை இருத்தின கதிரையிலை நாங்கள் இருக்கமாட்டம் எண்டால், அதுக்குப் பேரோ மானம்?” பிறகு குரலைத் தணித்தார். “புதன்கிழமை காலமை வாரும் பிள்ளை. விசாரிக்கிறது கிறிஸ்ரி. ஒண்டும் விடாமல் சொல்லும், என்னிலை இரக்கப்படாதேயும்.”

“வேலையையும் கேப்பன், அன்ரி.”

“கேளாட்டித்தான் எனக்குக் கோவம் வரும்.”

நிமிர்வு அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. முறைப்பாடு கொண்டுவருபவருக்குத் தேநீர் கொடுப்பார்கள். விசாரணைக்கு அழைக்கப்பட்ட முதலாளிக்கு வெறும் தண்ணீர்.

புதன்கிழமை பூமணி தக்ஷாயினிக்குத் தேநீர் ஊற்றிவைத்தார். பிறகு மேசையைச் சுற்றிப் போய், சிவானந்தனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கிளாஸில் தண்ணீர் ஊற்றினார்.