விண்வெளியில் ஒரு தண்ணீர்க் குழாய்

டிவியில் ஒரு பெண் தன்னந்தனியாக விண்வெளியில் மிதந்துகொண்டிருந்தாள். கூட வந்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கப்பலின் எஞ்சின் செத்துவிட்டது. பூமியோடு பேசுகிற றேடியோவில் இரைச்சல் மட்டும்தான் வந்தது.

உசனார் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸஹீதா டிவியைப் பார்க்கவில்லை. புருசனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாழைச்சேனைத் துறைமுகத்தில் இருந்து மீனுக்குப் போன போட் எஞ்சின் பழுதாகி, வாரக்கணக்கில் நடுக்கடலில் அலைந்து, கடைசியில் ஏதோ ஒரு சரக்குக் கப்பல்காரரின் கண்ணில் பட்டுத்தான் மனிசன் உயிரோடு ஓட்டமாவடிக்கு வந்து சேர்ந்தார். வந்தவர் வாயைத் திறந்தால்தானே! ஊரே வந்து கேட்டது. "அல்லாஹ் காப்பாத்தினான்" என்பதோடு சரி. கூடப் போன முத்தலிப் கடைத்தெருவில் இருந்து கதை கதையாய் அளக்கிறான். இவரோ முற்றத்துக் கதிரையில் இருந்து வானத்தைப் பார்க்கிறார். பக்கத்தில் படுக்கிற பெண்சாதிக்குக்கூட ஒரு சொல் கிடையாது. கடலில் இருந்து உடம்பு மட்டும்தான் திரும்பி வந்ததோ என்று ஸஹீதா பயந்துபோயிருந்தாள்.

ஒரேயொரு வேலைதான் வந்த கையோடு செய்தார். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்று வீடு நிறையச் சனம். அவருடைய உம்மா கட்டிப்பிடித்து அழுகிறா. மனிசன் எல்லாரையும் விலக்கிக்கொண்டு நேரே குசினிக்குப் போய், ஸ்பேனரைத் தேடி எடுத்து, ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயின் தேய்ந்த றப்பர் வாசரை மாற்றினார்.

மூளை கலங்கிப்போச்சு என்று சனம் குசுகுசுத்தது. ஸஹீதாவுக்கு வெட்கமும் வந்தது, கோபமும் வந்தது. செத்துப் பிழைத்து வந்த புருசன், பெண்சாதியின் முகத்தைப் பார்க்குமுன் குழாயைப் பார்த்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

இன்றைக்குத்தான், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, தானாக டிவிக்கு முன்னால் வந்து இருந்தார். சனலை மாற்றிக்கொண்டு போனவர் இந்தப் படத்தில் நின்றுவிட்டார். தமிழில் பேசவைத்த வெள்ளைக்காரப் படம். அந்தப் பெண் நல்ல இந்தியத் தமிழில் விண்வெளியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

வேலிக்கு அப்பால் அஸீமாவின் தையல் மெஷின் மோட்டர் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

படத்தில் ஒக்சிஜன் முடிந்துகொண்டு வந்தது. அந்தப் பெண் கப்பலின் கதவுப் பக்கம் போனாள். திறந்தால் சரி, எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிடும். கைப்பிடியில் கையை வைத்தாள். உசனாரின் கை கதிரையின் பிடியை இறுக்கியது.

"பிளேன்டீ ஊத்தி எடுத்து வாறன்," என்று ஸஹீதா எழும்பிக் குசினிக்குப் போனாள்.

கறண்ட் போய்விட்டது.

டிவி கறுத்தது. ஃபேன் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. கறண்ட்காரனுக்குக் கண்ணில்லையா என்று ஏசிக்கொண்டே ஸஹீதா கோப்பையோடு வந்தாள்.

உசனார் கறுத்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கை பிடியை விடவில்லை.

"அவ திறக்கமாட்டா," என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். கதவு வரைக்கும் போவா. மறுகா கிறுகித் திரும்பி வந்திருவா. தண்ணி முடிஞ்சிருக்கும். நாக்கு மரக்கட்டையாப் போயிருக்கும். பாய்ஞ்சா எல்லாம் முடியும் எண்டுதான் நினைப்பா. அப்பதான் ஊட்டுக் குழாய் ஞாபகம் வரும். சொட்டுச் சொட்டா ஒழுகிற குழாய். வந்து வாசர் பூட்டித்தாறன் எண்டு பெண்சாதிக்கிட்ட சொல்லிட்டு வந்தது. இஞ்ச ஒரு சொட்டுக்கு வழியில்ல, அங்க ராப்பகலா வீணாப் போகுது. அவள் சட்டிய வெச்சி வெச்சி, ஏசி ஏசி ஊத்துவாள். அதப் பூட்டாம மௌத்தாகினா காலம் முழுக்க ஏசுவாளே எண்டு..."

கை கதிரையின் பிடியை விட்டது.

விண்வெளியில் எங்கே பாய்வது, அந்தப் பெண்ணுக்குப் பெண்சாதி எங்கிருந்து வந்தாள் என்றெல்லாம் ஸஹீதா கேட்கவில்லை. அவர் காலடியில் இருந்துகொண்டு அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். கண்ணீர் அவர் உடுத்திருந்த சாரத்தில் ஊறியது.

"அல்லாஹ்வே, இனி நான் ஏசவே மாட்டன்," என்றாள்.

அது பச்சைப் பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். உசனார் சிரித்துவிட்டார். எத்தனை நாளைக்குப் பிறகு!

பிளேன்டீ ஆறிப்போனது. அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். மழை பெய்த நாள், தறப்பாளை விரித்துத் தண்ணீர் ஏந்திக் குடித்தது, கப்பல்காரர் எறிந்த கயிறு. எல்லாம் அந்தப் பெண்ணுக்கு நடந்ததாகத்தான் சொன்னார்.

"எப்படியும் அவ வந்து சேந்திருவா," என்று முடித்தார்.

"ஓம். வந்து சேந்திருவா."

முந்தாநாள் தங்கச்சி நிஸ்றாவின் வீட்டில் ஸஹீதா அந்தப் படத்தைப் பார்த்திருந்தாள். அந்தப் பெண் கதவைத் திறந்துவிடுவாள்.

கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். குழாய் ஒரு சொட்டும் விடாமல் பேசாமல் நின்றது. படம் இதற்குள் முடிந்திருக்கும். மெயின் சுவிச்சில் கையை வைத்தாள். முதலில் அதை இறக்கிவிட்டதும் அதே கைதான்.

"அது கிடக்கட்டும் புள்ள," என்று முன்னறையில் இருந்து உசனாரின் குரல் வந்தது. "அஸீமாட மெஷின் ஓடுறது எனக்கும் கேக்குதுதானே. வா, மிச்சத்தையும் சொல்றன்."