ஒட்டிக்கொண்ட வினை

"நோ! நெவர்!" என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார் ஆபேல். ஜெயகரன் காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

ஆபேல் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் மேஸ்திரி. அங்கே சாயங்காலம் ஆட்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் ஜெயகரன். வகுப்பில் முன் பெஞ்சு ஆபேலுக்குத்தான்.

ஆபேலுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் ஜெயபுஷ்பம், ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து உள்ளே தூங்குகிறாள். இளையவள் பொன்மலர் டேனரி ஆபீஸில் டைப்பிஸ்ட். ஜெயகரன் மனசைப் பறிகொடுத்தது டைப்பிஸ்டிடம். அவளும், "அப்பாகிட்ட நீங்களே பேசுங்க" என்று சொல்லியிருந்தாள்.

ஜெயகரனுக்குப் பெண் கேட்கத் தமிழில் வாய் வரவில்லை. இங்கிலீஷில் கேட்டால் வெட்கம் பாதி குறையும், சிஷ்யருக்கும் பெருமையாக இருக்கும் என்று நினைத்தான். எந்தப் பெண் என்ற குழப்பமே வரக்கூடாதென்று, 'ஆபீஸில் இருக்கிறவள்' என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டான்.

"ஐ வான்ட் டு மேரி யுவர் டாட்டர் இன் தி ஆபீஸ்."

அதற்குத்தான் அந்த 'நெவர்'. சமையலறைக் கதவோரம் பொன்மலரின் தாவணி நுனி தெரிந்தது. ஜெயகரனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எங்கிட்ட இன்னா கொறைங்க ஐயா?"

"ஒரு கொறையும் இல்ல சார், தங்கமான புள்ள நீங்க. ஆனா ஆபீஸ்ல கல்யாணமா? ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்தா பாஸ்டர் மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?"

"நான் அப்படியா சொன்னேன்?"

"பின்ன? இன், ஆன், வித்னு வந்தா நேராப் போய் வெர்பைப் புடிங்கன்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க! இங்க வெர்பு மேரி. எங்க மேரி? இன் தி ஆபீஸ்!"

ஜெயகரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவ்வளவுதானா! அந்த 'இன்' வினையை விட்டுப் பக்கத்திலிருக்கும் 'டாட்டர்' என்ற பெயர்ச்சொல்லோடும் ஒட்டும் என்பதை அவன் இன்னும் நடத்தவில்லை. அதையெல்லாம் இப்போது விளக்கிக்கொண்டிருப்பானேன்? ஆபீஸைத் தூக்கி எறிந்தான்.

"ஐ வான்ட் டு மேரி யுவர் டாட்டர் இன் தி சர்ச்!"

"அப்படிச் சொல்லுங்க மாப்ளே!" ஆபேல் அவனை இறுகக் கட்டிக்கொண்டார். அதே சந்தோஷத்தோடு சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"பொன்மலரு! மாப்ள வந்திருக்காருன்னு போய் உங்க அக்காவ எழுப்பு!"