வால் போட்ட எழுத்து

"அந்தக் கஞ்ச மகாபிரபு வந்திருக்காரா?"

பழைய ஆபீஸ்காரர்கள் கூடியிருந்த ஹாலுக்குள் நுழைந்ததும் 'வாலு' கேட்ட முதல் கேள்வி இதுதான்.

ஸ்டோர் கீப்பராக இருந்தவர் சிரித்தார். "ரிட்டயர் ஆகியும் கோபம் ஆறலையா உங்களுக்கு?"

"எப்படி சார் ஆறும்? எட்டு வருஷம்!"

கைக்குழந்தையோடு தனியாக நின்றபோது அவளுக்குக் கிடைத்த தற்காலிக டைப்பிஸ்ட் வேலை அது. ஜன்னலோர மேஜை. மழை வந்தால் கார்பன் பேப்பர் நனையும். நாலு மணிக்கு டீ. எல்லாமே பிடித்திருந்தது, மெஷினில் ஒடிந்து கிடந்த அந்த ஒரு எழுத்தைத் தவிர.

க்யூ.

"எப்பவாவது வர்ற எழுத்துதானேம்மா? ஓ அடிச்சிட்டு, பேனாவால ஒரு வால் இழுத்துவிடு" என்றார் ஹெட்கிளார்க்.

எப்பவாவதா? ரிக்வெஸ்ட், என்கொயரி, கொட்டேஷன்... ஆபீஸ் கடிதத்தில் தடுக்கி விழுந்தால் க்யூதான்! ஒவ்வொரு காப்பியிலும் வால் போட்டுப் போட்டு விரலெல்லாம் மை. பட்டப்பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

"இந்த எழுத்தே ஆதியில குரங்குப் படம்னு சொல்றாங்கம்மா. அதான் வால் தொங்குது" என்று ஸ்டோர் கீப்பர் அளப்பார். "பாருங்க, பக்கத்துல யூ இல்லாம எங்கேயும் தனியா போகாது. பயந்தாங்கொள்ளி!"

சிரித்துக்கொண்டே வால் போடுவாள்.

ஆனால் மாதம் தவறாமல் ஹெட்கிளார்க்கிடம் போய்க் கேட்பாள். "சார், ரிப்பேருக்கு ஒரு லெட்டர் எழுதுங்களேன்."

"பார்க்கலாம்மா."

பார்த்தார், பார்த்தார், எட்டு வருஷம் பார்த்தார்.

இதோ, தடியை ஊன்றிக்கொண்டு அவரே வருகிறார். அவள் விடவில்லை.

"ஏன் சார், ஒரே ஒரு எழுத்து! மாத்திக் கொடுத்திருந்தா ஆபீஸ் முழுகியா போயிருக்கும்?"

ஹாலே சிரித்தது. அவரும் சிரித்தார்.

"தப்புதாம்மா" என்றபடி நாற்காலி தேடி நகர்ந்தார்.

ஸ்டோர் கீப்பர் மட்டும் சிரிக்கவில்லை.

"அவர் சொல்ல மாட்டார், நான் சொல்றேன். அப்ப மேலிடத்து ஆர்டர் ஒண்ணு இருந்தது. மெஷின் பழுதுன்னு எழுதினா, மெஷினைத் திருப்பி அனுப்பணும். தற்காலிக டைப்பிஸ்டா இருந்தா, வேலையும் ரத்து. பக்கத்து ஆபீஸ்ல ரெண்டு பொண்ணுங்க அப்படித்தான் வீட்டுக்குப் போனாங்க. உங்க வேலை நிரந்தரமான மறுநாளே மெக்கானிக் வந்தானே, யோசிச்சுப் பார்த்தீங்களா?"

அவள் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"என்கிட்ட அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்..."

"நானும் அதையே கேட்டேம்மா. 'வேலை போயிடுமோன்னு தினம் பயந்துகிட்டு உட்கார்றதைவிட, என்னைத் திட்டிக்கிட்டே நிம்மதியா அடிக்கட்டும்'னு சொல்லிட்டார்."