மௌனசாமிக்கு ஒரு ஓட்டு

"ஒன்றரை மணி நேரம் குதிரை மேல உக்காந்துட்டே வர்றான். கடைசியில போட்டியில தோத்துட்டு வந்த வழியே போறான். இவனெல்லாம் ஒரு ஹீரோவா?" என்றார் பல் டாக்டர்.

"தோத்தான்னு யார் சொன்னா? அவன் வாயத் திறக்கல, அவ்வளவுதான்," என்றார் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர்.

"அதான் மௌனசாமின்னு பேர் வச்சிருக்கோம்."

எல்லோரும் சிரித்தார்கள். எலுமிச்சைச் சாறு தட்டோடு நின்ற கடைக்காரரின் மனைவிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கணவர் தலையைக் குனிந்துகொண்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தது அவளுக்கு என்னவோ போலிருந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் ஒன்றுகூடி, பழைய கௌபாய் படம் ஒன்றைத் திரையில் ஓட்டிப் பார்க்கும் கூட்டம் அது. மொத்தம் ஏழு பேர். வருஷத்துக்கு ஒருமுறை, எல்லாவற்றிலும் சிறந்த படம் எது என்று ஓட்டெடுப்பு. களத்தில் நிற்பவை எப்போதும் அதே மூன்று படங்கள்தான். டாக்டருடைய ஹீரோவுக்குப் பல்வரிசை அழகு. பஸ் டிரைவருடைய ஹீரோ டூப் போடாமல் நாலு குதிரை வண்டியைத் தானே ஓட்டியவர். கடைக்காரருடைய ஹீரோ கண்ணாலேயே பேசி முடித்துவிடுவார். அவரவர் தொழில் அவரவர் ரசனை.

ஒரு விதியும் உண்டு. இரண்டு ஓட்டுகூட வாங்காத படத்துக்குச் சொந்தக்காரர், அடுத்த வருஷம் முழுக்கத் தன் வீட்டில் கூட்டத்தை நடத்த வேண்டும். நாற்காலி போடுவது, குடிக்கக் கொடுப்பது, பெருக்குவது எல்லாம் அவர் தலையில்.

ஆறு வருஷமாகத் தொடர்ந்து அந்தத் தலை கடைக்காரருடையதுதான். ஒவ்வொரு வருஷமும் மௌனசாமிக்கு ஒரே ஒரு ஓட்டு. "சொந்த ஓட்டு" என்று கூட்டமே கேலி செய்யும்.

முதல் தடவை தோற்றது, மகள் இறந்து ஏழு மாதம் கழித்து. அப்போது அவர் மனைவி யாரோடும் பேசுவதை விட்டிருந்தாள். வீட்டில் ஆள் இருக்கிற சுவடே இராது. அந்த நேரம் பார்த்து இந்தத் தடியர்கள் வந்து துப்பாக்கிச் சத்தமும் குதிரைச் சத்தமுமாகப் போட்டார்கள். மூன்றாவது மாதக் கூட்டத்தில், வில்லனுக்கு எந்தப் பக்கம் தங்கப்பல் என்று டாக்டரும் டிரைவரும் மல்லுக்கட்ட, சமையலறையிலிருந்து, "இடது பக்கம்," என்று அவள் குரல் வந்தது. அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சும் வந்தது, சிரிப்பும் வந்தது. இப்போதெல்லாம் அந்த ஞாயிறுக்காகவே மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"பேக்கரிக்காரர் இல்லாம ஆறு ஓட்டுதானே இருக்கு?" என்று கேட்டார், ஓட்டு எண்ணும் தபால்காரர்.

பேக்கரிக்காரர் போன மாதம் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார். கிளம்புகிற அன்று கடைக்காரரைக் கட்டிக்கொண்டு, "உன் மௌனசாமிய இனிமே யாருப்பா பாத்துக்குவா?" என்று கண்கலங்கினார். அவர் எப்போதுமே எதற்கும் கொஞ்சம் அதிகமாக உருகுகிற ஆள்.

"இவ போடட்டுமே," என்றார் கடைக்காரர், மனைவியைக் காட்டி.

"ஓஹோ, வீட்டு ஓட்டையும் சேத்துக்கப் பாக்கறீங்களா? அண்ணி, நியாயமா போடணும், சொல்லிட்டேன்," என்றார் டாக்டர்.

ஏழு துண்டுச் சீட்டுகள் கை மாறின. பேனா கிடைக்காமல், மளிகைப் பட்டியல் எழுதும் பச்சைப் பென்சிலோடு அவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. டாக்டர் படத்துக்குப் போட்டால் கூட்டம் இங்கேயே நடக்கும். கணவர் படத்துக்குப் போட்டால் இரண்டு ஓட்டாகிவிடும். கூட்டம் வேறு வீட்டுக்குப் போய்விடும். ஞாயிறும் மற்ற நாளைப் போல ஆகிவிடும். அதை நினைத்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆனால் ஆறு வருஷமாக மனிதர் கேலிப் பேச்சு வாங்குகிறாரே. ஒரு தடவையாவது தலை நிமிரட்டும். 'மௌனசாமி' என்று எழுதி, நாலாக மடித்து, ஓட்டுப் பெட்டியாக வைத்திருந்த காலி மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டாள்.

தபால்காரர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். தொழில் சுத்தம், ஒவ்வொரு சீட்டையும் உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் கீழே வைத்தார். டாக்டருக்கு மூன்று. டிரைவருக்கு இரண்டு. அடுத்த சீட்டு பச்சை எழுத்தில் இருந்தது.

"மௌனசாமி, ஒண்ணு."

"வந்துருச்சு பாரு, சொந்த ஓட்டு," என்றார் டிரைவர். மறுபடி சிரிப்பு.

அவள் சிரிக்கத் தயாராக நின்றாள். இன்னும் ஒரு சீட்டு பாக்கி இருந்தது. கணவருடைய சீட்டு.

தபால்காரர் அதையும் பிரித்தார். "டிரைவருக்கு மூணு. முடிஞ்சது கதை."

"இன்னொண்ணு இருக்கும் அண்ணா. நல்லா பாருங்க."

அவர் கூட்டைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினார். "ஏழும் எண்ணியாச்சு தங்கச்சி. மூணு, மூணு, ஒண்ணு."

கடைக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "என்ன பண்றது, தலையெழுத்து. அடுத்த வருஷமும் நம்ம வீடுதான்," என்று நாற்காலிகளை எண்ண ஆரம்பித்தார்.

பேக்கரிக்காரர் எதற்காகக் கண்கலங்கினார் என்று அவளுக்கு இப்போது புரிந்தது. ஆறு வருஷமாக விழுந்த அந்த ஒற்றை ஓட்டு அவருடையது; இவர் ஒரு தடவைகூடத் தன் மௌனசாமிக்கு ஓட்டுப் போட்டதே இல்லை.