அரிசிப் பெட்டிக்குள் சப்பாத்து

"சப்பாத்து எங்கை?"

"அரிசிப் பெட்டிக்குள்ளை. மெல்லக் கதையுங்கோ, அவளுக்குக் கேக்கும்."

குசினிக் கதவைச் சாத்திவிட்டு இருவரும் காதோடு காதாகப் பேசினார்கள். பார்த்தால், ஓடிப்போகத் திட்டம் போடுகிற சோடி என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் அருளம்பலத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. தங்கேஸ்வரி அவர் தாலி கட்டிய மனைவி.

அருளம்பலம் திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்கர். அரசாங்க உத்தியோகத்தருக்குக் கிடைக்கும் இலவச ரயில் வாரண்டை அவர் ஒரு தடவையும் பாவித்ததில்லை. கூட வேலை செய்யும் ஸுஹைர் மலைநாட்டிலுள்ள அப்புத்தளைக்குப் போய்வந்து சொன்ன நாளிலிருந்துதான் அவருக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. அங்கே இறங்கித் தண்டவாளத்து ஓரமாக இதல்கஸ்ஹின்ன வரைக்கும் ஐந்து மைல் நடக்கலாமாம். இரண்டு பக்கமும் பள்ளம், காலுக்குக் கீழே முகில்.

"நாங்கள் ரெண்டு பேரும் ஒருக்கா நடந்து பாப்பமே, தங்கம்?" என்று கேட்டார். அவள் உடனே ஓம் என்றாள். சொன்ன கையோடு முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

முன்னறையில் மகள் தவமணி கைமெஷினில் யாருக்கோ சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் அவளுடைய இரண்டு கால்களையும் சூம்ப வைத்துவிட்டது. இப்போது இருபத்துநான்கு வயது. ஊன்றுகோல்கள் இல்லாமல் ஓரடி வைக்க முடியாது.

அவளைப் பெற்றவர்கள் பதினைந்து வருடமாக ஓர் இரவுகூட வெளியில் தங்கியதில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலா, மட்டக்களப்பில் சொந்தக்காரர் கலியாணம், போன வருடம் பக்கத்துச் சல்லிக் கிராமத்திலிருந்து ஒரு பெடியன் தானே வந்து கேட்ட சம்பந்தம், எதுவென்றாலும் அவர்களிடம் ஒரே பதில்தான்: "அவளுக்கு ஏலாது." அந்த வீட்டில் "போட்டு வாறன்" என்று சொல்லி வெளிக்கிடுவார்களே தவிர, "நடந்து போட்டு வாறன்" என்று ஒருவரும் வாய்தவறியும் சொன்னதில்லை.

அப்படிப்பட்ட பிள்ளையிடம், மலையில் நடக்கப் போகிறோம், அதற்குச் சப்பாத்தும் வாங்கியாயிற்று என்று எப்படிச் சொல்வது?

"அப்பாவுக்குக் கண் மங்கலாக் கிடக்குதாம். கண்டி ஆஸ்பத்திரியிலை காட்டப் போறம்," என்று தங்கேஸ்வரி சொல்லிவைத்தாள். "பக்கத்து வீட்டு உம்மு குல்சும் வந்து உன்னோடை படுப்பா."

தவமணி மெஷினை நிறுத்தினாள். "எப்ப போறீங்கள்?"

"வியாழக்கிழமை காலமை."

"அவதிப்பட்டு ஓடி வராதேங்கோ அம்மா. திங்கள் வரைக்கும் நிண்டு, ஆறுதலாக் காட்டிப்போட்டு வாங்கோ."

மகள் திட்டியிருந்தால்கூடத் தாய் தாங்கியிருப்பாள். தங்கேஸ்வரி குசினிக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஏற்றம் ஏறிப் பழகவும் வேண்டியிருந்தது. பின்னேரங்களில் கோணேசர் கோயிலுக்கென்று சொல்லி வெளிக்கிட்டு, கோட்டை வாசலிலிருந்து மேலே ஏறி, அப்படியே திரும்பி இறங்கினார்கள்.

"ஒருக்கா உள்ளுக்குப் போய்க் கும்பிட்டிட்டு வருவமே?"

"எந்த முகத்தோடை?" என்றார் அருளம்பலம்.

வியாழன் காலை பையைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தபோது, தவமணி ஒரு பார்சலோடு நின்றாள். விடியமுன் எழும்பிப் புட்டு அவித்து, சம்பல் அரைத்து, வாழையிலையில் கட்டியிருந்தாள்.

"அப்பா, கிட்டப் பார்வையோ தூரப் பார்வையோ எண்டு டொக்டரிட்டை வடிவாச் சொல்லுங்கோ. மறந்து போகாதேங்கோ."

அருளம்பலம் பார்சலை வாங்கவில்லை. பையைக் கீழே வைத்தார்.

"பிள்ளை, என்ர கண்ணுக்கு ஒண்டுமில்லை."

"இஞ்சாருங்கோ!" என்று தங்கேஸ்வரி அவர் கையைப் பிடித்தாள்.

"விடு தங்கம், என்னாலை ஏலாது." அவர் மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகேல்லை. அப்புத்தளைக்குப் போறம். நானும் அம்மாவும். சும்மா… நடக்க."

தவமணி பார்சலைக் கீழே போட்டாள். கதவு நிலையில் சாய்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு விம்மி அழத் தொடங்கினாள். ஊன்றுகோல் ஒன்று நழுவி விழுந்தது. காய்ச்சல் வந்த காலத்துக்குப் பிறகு அவள் இப்படி அழுது அவர்கள் பார்த்ததில்லை.

"பாத்தீங்களோ? பாத்தீங்களோ என்ன செய்தனீங்கள் எண்டு?" தங்கேஸ்வரி ஓடிப்போய் மகளைத் தாங்கிக்கொண்டாள். "நாங்கள் ஒரு இடமும் போகேல்லை, என்ர ராசாத்தி. கால் உள்ள கொழுப்பு எங்களுக்கு."

அருளம்பலம் சட்டைப் பையிலிருந்து வாரண்டை எடுத்தார். "இப்பவே கிழிச்சுப் போடுறன்."

தவமணி எட்டி அவர் கையைப் பிடித்தாள். "வேண்டாம் அப்பா! போங்கோ. வெளிக்கிட நேரமாகுது."

"உன்னை இப்பிடி அழவைச்சிட்டோ?"

"நீங்கள் நடக்கப் போறதுக்கு நான் அழேல்லை."

"பின்னை என்னத்துக்கு?"

அவள் முகத்தைத் துடைத்தாள். அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு நிலத்தைப் பார்த்தாள்.

"நாளைக்குக் கந்தோரிலை எனக்கும் அந்தச் சல்லிப் பெடியனுக்கும் கலியாண எழுத்து, அப்பா."