பாதியில் எழுந்து போனவர்

எங்கள் கடையில் நன்றாக ஓடும் சரக்கு, காலமான சூஃபிப் பெரியவரின் புத்தகம். அதில் ஒரு கட்டுரைகூட முடிந்திருக்காது. கஷ்டம் என்று யாராவது வாசலில் நின்றால், பேனாவை வைத்துவிட்டுக் கூடவே கிளம்பிவிடுவாராம். “பாதிதானே எழுதியிருக்காரு, பாதி விலைக்குக் குடு” என்று கேட்காத ஆளில்லை.

மகனைக் காணவில்லை என்று ஒரு அக்கா வந்தார். போலீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் அலைந்தாயிற்று. அட்டைப்படத்தில் நாற்காலியில் அமர்ந்திருந்த பெரியவரிடம், “என் புள்ளையத் தேடிக் குடுங்கய்யா” என்று அழுதார்.

மறுநாள் எல்லாப் பிரதியிலும் நாற்காலி காலி. “என்னய்யா, அச்சுப் பிழையா?” என்றார்கள் வாங்க வந்தவர்கள். அக்காவுக்கு மட்டும் முகம் மலர்ந்தது.

“கிளம்பிட்டாரு தம்பி!”

அதற்குப் பிறகு தினமும் வந்து விசாரித்துவிட்டுக் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார்.

இன்று காலை பெரியவர் நாற்காலியில் இருந்தார். அங்கி மார்புவரை நனைந்திருந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். மடியில் ஒற்றைச் செருப்பு.

அக்கா படியேறி வந்து மேசைமேல் கைகளை ஊன்றினார். “வந்துட்டாரா தம்பி?”

வாய்ஜாலத்தில் பிழைக்கிறவன் நான். புத்தக அடுக்கை அப்படியே கவிழ்த்து வைத்தேன்.

“இன்னும் இல்லக்கா.”

அடுக்கின் அடியிலிருந்து தண்ணீர் மெல்லக் கசிந்து, அக்காவின் விரல்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.